ட்ரிப்யூனுக்குக் கரை கிடையாது

போன வாரம் என் மகள் வள்ளி பள்ளியிலிருந்து வந்தவள், பையை இறக்கி வைப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டாள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் பாதிக்குமேல் பர்மிய மொழியில்தான் பேசுவார்கள், நான் தமிழில் பதில் சொல்வேன். இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

"அப்பா, அந்தக் காலத்து ரோம்ல யாரு வேணும்னாலும் பதவிக்கு வரலாமா?"

"வர முடியாதும்மா. நான் அவங்களுக்குத் துணி வெட்டியிருக்கேன், எனக்குத் தெரியும்."

அவள் தம்பி குமரன் சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்தான். "அப்பாவுக்கு அறுபத்தொண்ணுதானே வயசு? ரெண்டாயிரமா?"

சிரித்து முடித்த பிறகும் வள்ளி விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பின் ஆண்டு மலருக்கு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பாக்கள் தங்கள் வேலையைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று ஆசிரியை ஏற்கெனவே சொல்லியிருந்தார். இரண்டுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்புவரைதான் படித்தவன். பிழை இருந்தால் ஆசிரியை திருத்திக்கொள்வார்.

என் வேலை கட்டிங் மாஸ்டர். தையல் ஆலையில் துணியை வெட்டிக் கொடுக்கிறவன். ரங்கூன் ஓரத்து ஷ்வேப்யிதாவில் ஒரு சட்டை ஆலையில் முதலில் துண்டுத் துணி பொறுக்கினேன், பிறகு துணி விரித்தேன், அப்புறம்தான் வெட்டும் இயந்திரத்தைத் தொட விட்டார்கள். அதற்கே ஏழு வருடம் ஆயிற்று. அந்த ஏழு வருடத்தில் கற்ற பாடம், துணியைத் தைத்தபின் பிரிக்கலாம், வெட்டியபின் ஒட்ட முடியாது என்பதுதான். பிறகு லைங் தாயாவில் இன்னொரு ஆலைக்குப் போய் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன்.

வெட்டுவது எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் நடந்த தவறு அதில்தான் இருக்கிறது. உருளையாக வரும் துணியை முதலில் பிரித்து ஒரு நாள் முழுக்கச் சும்மா போட்டு வைப்போம். இழுத்துச் சுற்றிய துணி மெல்லச் சுருங்கித் தன் நிலைக்கு வரும். இல்லையென்றால் சட்டை தைத்த பிறகு சுருங்கும். பிறகு நீள மேசையில் அடுக்கடுக்காக விரிப்போம். மேலே வடிவம் வரைந்த காகிதத்தைப் பரப்பி, இரும்பு வலையில் செய்த கையுறையை இடது கையில் மாட்டிக்கொண்டு, இயந்திரக் கத்தியை ஓட்டுவேன். ஐம்பது அடுக்கும் ஒரே தடவையில் வெட்டுப்படும். வெட்டிய ஒவ்வொரு துண்டிலும் எண் எழுதிய சின்னக் காகிதத்தை ஒட்டுவோம். எந்த உருளை, எந்த அடுக்கு, என்ன அளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரே சட்டையின் கை ஒரு உருளையிலும் உடம்பு வேறு உருளையிலும் வந்துவிட்டால், வெயிலில் நிற்கும்போது இரண்டு வெள்ளையும் இரண்டு நிறமாகத் தெரியும்.

எனக்கு மேலே இருந்தவர் தரம் பார்க்கும் பிரிவின் தலைவி டோ மியா. நாங்கள் எல்லோரும் அவரை 'சயாமா' என்போம். பர்மிய மொழியில் ஆசிரியையையும் மேலதிகாரி அம்மாவையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். ஒரு துணியைக் கையில் எடுத்தால் முதலில் பார்க்கமாட்டார். கண்ணை மூடி உள் தையலைத் தடவுவார். விரல் நின்ற இடத்தில் பிழை இருக்கும். அதிசயமாக இருக்கும் எங்களுக்கு.

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும். ஏனென்றால் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு உடுப்புக்கும் ஸ்பெக் தாள் என்று ஒன்று வரும். அளவு, நூல், பொத்தான், லேபிள் எல்லாம் அதில் ஆங்கிலத்தில் இருக்கும். யார் பிழை செய்தாரோ அவர் லைன் என்னும் தையல் இயந்திர வரிசை முன்னால் நின்று, பிழை நடந்த பக்கத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். "ஒரு தடவை வாசிங்க" என்று மட்டும் சொல்வார். குரல் உயராது. எண்பது இயந்திரமும் நிற்கும்.

எனக்கு ஆங்கில எழுத்துகள் தெரியும். வார்த்தையாகக் கூட்டிப் படிக்கத் தடுமாறுவேன். ஸ்பெக் தாளில் நான் எண்களையும் படத்தையும்தான் பார்ப்பேன். இது யாருக்கும் தெரியாது. பத்தொன்பது வருடமாக நான் பிழையே செய்யாததற்குத் திறமை பாதிக் காரணம், அந்த வாசிப்பின் பயம் மீதிக் காரணம்.

இப்போது மா தீதா. தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த பெண். த்வாண்டே ஊரில் நெல் வயலில் வேலை செய்த குடும்பம், நம் தமிழ்க் குடும்பம். வீட்டில் பெயர் செல்வி, ஆலையில் மா தீதா. இன்னும் நான்கு பெண்களோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தாள். என்னை 'மாமா' என்பாள். ஒரு லைனில் எந்த இயந்திரம் பின்தங்குகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

எங்கள் ஆலையில் யார் என்ன வேலை என்பது தலையில் கட்டும் துணியில் தெரியும். தைப்பவர்களுக்கு நீலம், செக்கிங் பெண்களுக்கு மஞ்சள், லைன் லீடருக்குச் சிவப்பு. சிவப்புத் துணி வேண்டுமென்றால் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். அலுவலகச் சுவரில் எழுதியே ஒட்டியிருந்தார்கள். தீதா படித்தது எட்டு. சயாமா மேனேஜரிடம் மல்லுக்கு நின்று, ஒரு மாதம் அவளைச் சோதனைக்கு லைன் லீடராக வைக்கலாம் என்று அனுமதி வாங்கிவிட்டார். மேனேஜர் வெளிநாட்டுக்காரர், கையில் எப்போதும் காப்பிக் கோப்பை வைத்திருப்பார். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அந்த மாதத்தில் அவள் லைன் ஒரு சரக்கில்கூடப் பரிசோதனையில் தவறக் கூடாது. தவறினால் திரும்ப இயந்திரத்துக்கே. அதுவரை தலையில் நீலத் துணிதான்.

அந்த மாதத்தில்தான் ரோம் வந்தது.

வெளிநாட்டில் பள்ளிக்கூட நாடகங்களுக்கு உடை வாடகைக்குக் கொடுக்கும் ஒரு கடையின் ஆர்டர் அது. 'டோகா' என்று ரோம் நாட்டு ஆண்கள் போர்த்திக்கொள்ளும் பெரிய துணி, அரை வட்ட வடிவம். மொத்தம் நூற்று முப்பது. எல்லாம் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றின் உள்மூலையிலும் அது யாருடையது என்று ஒரு சின்ன லேபிள் தைக்க வேண்டும். கான்சல் பத்து, பிரீட்டர் முப்பது, குவெஸ்டர் நாற்பது, ட்ரிப்யூன் முப்பது, ஓட்டுக் கேட்கிறவர் இருபது. இவர்களில் கான்சலுக்கும் பிரீட்டருக்கும் மட்டும் ஓரத்தில் கருஞ்சிவப்புக் கரை. நம் ஊர் வேட்டிக் கரைபோல, கொஞ்சம் அகலமாக.

கூடவே, அதைப் போடப்போகும் பிள்ளைகளுக்காக ஒரு சின்னப் புத்தகமும் வந்திருந்தது. சயாமா அதை மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குப் பர்மிய மொழியில் சொன்னார். தைக்கிறவர்களுக்கு என்ன தைக்கிறோம் என்று தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை. வள்ளி, உன் கேள்விக்கு விடை அந்த மூன்று சாப்பாட்டு நேரத்தில்தான் இருக்கிறது.

"குடிமகனா இருக்கணும். ஆம்பளையா இருக்கணும். சுதந்திரமாப் பிறந்திருக்கணும்" என்று ஆரம்பித்தார் சயாமா.

"பொம்பளைங்களுக்கு ஒரு பதவியும் இல்லையா?" என்றது ஒரு குரல்.

"அரசாங்கத்துல ஒண்ணுகூட இல்ல."

"அப்ப இந்தத் துணிய நெய்து குடுத்தது யாரு?"

சயாமா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "வீட்டுப் பொம்பளைங்கதான்."

"அதானே!" என்று எண்பது பேரும் சேர்ந்து சத்தம் போட்டார்கள்.

முதலில் படையில் பல வருடம் இருந்திருக்க வேண்டுமாம். குவெஸ்டர் என்பது கீழ்ப்படி, அரசாங்கப் பணப்பெட்டிக்குப் பொறுப்பு. அதற்கு முப்பது வயது ஆகவேண்டும். வழக்குகளைப் பார்க்கும் பிரீட்டருக்கு முப்பத்தொன்பது. எல்லோருக்கும் மேலே கான்சல், இரண்டே பேர், அதற்கு நாற்பத்திரண்டு. படியைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. இதில் எதற்கும் சம்பளம் கிடையாது, ஆகவே சொத்து உள்ளவர்கள்தான் நிற்க முடியும்.

"சம்பளமே இல்லையா? ஓவர்டைமாவது உண்டா சயாமா?"

"ஓட்டுக் கேக்கப் போறவங்க துணி பளிச்சுனு தெரியணும்னு சுண்ணாம்புத் தூள் தேய்ப்பாங்களாம்" என்று சயாமா அடுத்த பக்கத்துக்குப் போனார்.

"நாம தனாக்கா பூசற மாதிரி!" என்று ஒருத்தி தன் கன்னத்தில் அரைத்துப் பூசியிருந்த மரப்பட்டைச் சாந்தைத் தொட்டுக் காட்டினாள்.

அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர் பதவிக்கு நிற்க முடியாது, ஆனால் அதன்பின் அவருக்குப் பிறக்கும் மகன் நிற்கலாம் என்றும் புத்தகத்தில் இருந்தது. அதைக் கேட்டபோது என் சாப்பாடு கொஞ்சம் நின்றது. என் தாத்தா ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர், அப்பா நகராட்சியில் வேலை செய்தவர். எங்கள் குடும்பத்திலும் குடியுரிமையைக் காட்டும் அடையாள அட்டையின் நிறம் தலைமுறைக்குத் தலைமுறை ஒரேமாதிரி இருந்ததில்லை. ஆக, ரோம் ரொம்பத் தூரத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் ட்ரிப்யூன் வந்தார். பெரிய வம்சத்துக்காரர் அந்தப் பதவிக்கு வரவே முடியாது. சாதாரண ஜனங்களில் ஒருவர்தான் வரலாம். கான்சலே ஒன்றைச் செய்யச் சொன்னாலும், ட்ரிப்யூன் எழுந்து 'கூடாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடும். அவர் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. ஜனங்கள் எந்த நேரமும் வரலாம் என்பதால் அவர் வீட்டுக் கதவைப் பூட்டவே கூடாது.

லைன் முழுக்க அவர்மேல் காதலாகிவிட்டது. தீதா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். "மாமா, இவருதான் நம்ம ஆளு."

பிறகு சயாமாவிடம் கேட்டாள். "இவருக்கு எவ்வளவு அகலக் கரை?"

"கரை இல்ல. வெள்ளை மட்டும்தான்."

"ஏன்? வேற யாருக்கெல்லாம் கரை உண்டு?"

"கான்சல், பிரீட்டர்..." சயாமா பக்கத்தைப் புரட்டினார். "அப்புறம் நல்ல குடும்பத்துச் சின்னப் பையனுங்களுக்கு."

இதுதான் வம்பாயிற்று. சின்னப் பையனுக்குக் கரை, ஜனங்களின் ஆளுக்குக் கரை இல்லையா என்று பெண்கள் கொதித்துப்போனார்கள். மணி அடித்து இயந்திரத்துக்குப் போன பிறகும் பேச்சு ஓயவில்லை.

மறுநாள் காலை தீதா வெட்டும் மேசைக்கு வந்தாள். பின்னால் நாலைந்து பேர்.

"மாமா, அவருக்கும் கரை வெட்டிக் குடுங்க."

"ஸ்பெக்ல இல்லையேம்மா."

"படத்த நல்லாப் பாருங்க. ஓரத்துல கோடு போட்டிருக்கே!"

பார்த்தேன். கோடு இருந்தது. ஆர்டர் கொடுத்தவர்கள் ஒரே படத்தை எல்லாப் பக்கத்திலும் அச்சடித்து, கரை உண்டா இல்லையா என்பதைக் கீழே எழுத்தில் மட்டும் போட்டிருந்தார்கள். கீழே எழுத்து இருப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. கூட்டிப் படித்திருக்கலாம். சயாமாவிடம் நாலு எட்டு நடந்து போய்க் கேட்டிருக்கலாம். நான் இரண்டும் செய்யவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த ட்ரிப்யூனைப் பிடித்திருந்தது.

"படத்துல இருக்குதான்" என்றேன். முப்பது கரை கூடுதலாக வெட்டினேன். சிவப்புத் துணி குறையுமே என்று ஒரு யோசனை வந்தது. ஸ்டோரில் இன்னொரு உருளை இருப்பது ஞாபகம் இருந்ததால் விட்டுவிட்டேன்.

கான்சலும் ட்ரிப்யூனும் குவெஸ்டரும் ஓட்டுக் கேட்கிறவரும் ஒழுங்காகத் தைத்து முடிந்தார்கள். பிரீட்டர் முப்பது பேரும் லேபிளோடு, கரைக்காகக் காத்திருந்தார்கள். மறுநாள் காலை ஆர்டர் கொடுத்தவர்களின் பரிசோதகர் வருகிறார். நான் ஸ்டோர் உருளையைக் கொண்டுவந்து பிரித்தேன். பழைய சிவப்பின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது பீட்ரூட் நிறம், இது கத்தரிக்காய் நிறம். வேறு யாரோ ஒரு ஆர்டரின் மிச்சம்.

அதே நேரத்தில் செக்கிங் மேசையில் சயாமா கண்ணை மூடி ஒரு ட்ரிப்யூனை எடுத்துத் தடவிக்கொண்டிருந்தார். விரல் ஓரத்தில் நின்றது. கண்ணைத் திறந்தார்.

இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. மேனேஜரும் காப்பிக் கோப்பையோடு வந்துவிட்டார். சயாமா ஸ்பெக் தாளை எடுத்துத் தீதாவிடம் நீட்டினார். லைன் லீடர் அவள்தானே. லைனில் நடக்கும் பிழை லைன் லீடர் பிழைதான்.

"ஒரு தடவை வாசிங்க."

தீதா தாளை வாங்கினாள். அவளுக்கு ஆங்கிலம் என்னைவிடக் குறைவு. சுவரில் ஒட்டியிருந்த பத்தாம் வகுப்புச் சட்டம் சரிதான் என்று மேனேஜர் தலையாட்ட ஒரே ஒரு பக்கம் போதும். அந்தப் பக்கம் இப்போது அவள் கையில் இருந்தது. சயாமாவுக்கும் அது தாளை நீட்டிய பிறகுதான் உறைத்திருக்க வேண்டும், முகம் மாறிவிட்டது. ஆனால் இத்தனை வருடத்து வழக்கத்தை ஒருத்திக்காக மாற்றுகிறவர் அல்ல அவர்.

எனக்கு எங்கிருந்து கால் வந்ததோ தெரியவில்லை. போய்த் தாளை அவள் கையிலிருந்து எடுத்தேன்.

"சயாமா, கரைய வெட்டினது நான். நான் வெட்டாம அவங்க எப்படித் தைப்பாங்க? நான் வாசிக்கிறேன்."

"ஊ மணி, நீங்களா?" பெரியவர் மணி என்பதைப் பர்மிய மொழியில் அப்படிச் சொல்வார்கள்.

"நான்தான்."

பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக லைன் முன்னால் நின்றேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புப் பிள்ளை வாசிப்பதுபோல விரலை வரிக்குக் கீழே வைத்து நகர்த்தினேன். பாதி வரியில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். அந்த ஒரு பக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஆயிற்றோ, எனக்கு ஒரு ஷிஃப்டு போனதுபோல இருந்தது. 'கரை: கிடையாது' என்ற இடத்துக்கு வந்து சேர்ந்ததும் மூச்சு விட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் இருந்த பெண்கள் தங்கள் வாயாலேயே என்னோடு சேர்ந்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

வாசித்தாயிற்று. பிழை அப்படியேதான் கிடந்தது. மேனேஜர் ஏதோ கேட்டார். சயாமா எங்களுக்குச் சொன்னார். "சாயங்காலத்துக்குள்ள சரி பண்ண முடியுமான்னு கேக்கிறாரு. முடியலன்னா நாளைக்கு இந்த லைன் தோத்துடும்."

தோற்றால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. எல்லோரும் தீதாவின் நீலத் துணியைப் பார்த்தார்கள்.

"ட்ரிப்யூன்ல இருந்து கரையப் பிரிச்சு பிரீட்டருக்குத் தச்சா?" என்றேன்.

"பிரிச்சா ஊசி ஓட்டை வரிசையாத் தெரியும், ஊ மணி. வெள்ளைத் துணி."

"ஆவி போட்டுத் தேச்சா மூடாதா?"

"கம்பளின்னா மூடும். இது பருத்தி."

நாங்கள் இரண்டு கிழடுகளும் அந்தப் பக்கம் முப்பது, இந்தப் பக்கம் முப்பது என்று இரண்டு அடுக்குக்கு நடுவில் நின்று தலையைச் சொறிந்தோம். தீதா இரண்டு அடுக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கி என்னிடம் தமிழில் கேட்டாள்.

"மாமா, அதுக்கு ஏன் பிரிக்கணும்? கரை உள்ளவர பிரீட்டர் ஆக்கிட்டுப் போங்களேன்."

"அதெப்படி? அவரு ட்ரிப்யூன்."

"யாரு? இந்தத் துணியா?"

நான் இன்னொரு தடவை மேசையைப் பார்த்தேன். மூன்று நாள் ரோம் கதை கேட்டதில் எனக்கு அந்த மேசைமேல் இருந்தவை துணியாகவே தெரியவில்லை. முப்பது ட்ரிப்யூன்களும் முப்பது பிரீட்டர்களும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எப்படி இன்னொருவர் ஆக முடியும்? வயது வேண்டாமா, படி ஏற வேண்டாமா? அவளுக்கோ அறுபது வெள்ளைத் துணி, அதில் முப்பதில் கரை.

நான் பர்மிய மொழியில் சயாமாவிடம் சொன்னதும் அவர் கையை உயர்த்திவிட்டார். "லேபிள் மாத்தறதா? தைச்சு முடிச்ச உடுப்புல லேபிள மாத்தறது தப்பு. சரக்குல கலப்படம் பண்றவங்க அப்படித்தான் பண்ணுவாங்க."

"ஒரே துணியா இருந்தாலுமா சயாமா?" என்றாள் தீதா. இந்தத் தடவை அவளே நேராகக் கேட்டாள். "எண்ணப் பாருங்க. மாமா ஒட்டின எண்ணு."

சயாமா இரண்டு அடுக்கிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்துக் காகித எண்ணைப் பார்த்தார். ஒரே உருளை, ஒரே அடுக்கு, ஒரே அளவு. இரண்டையும் நான் ஒரே தடவையில்தான் வெட்டியிருந்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் தடவினார்.

"ஒண்ணுதான்" என்றார். பிறகு அவர் மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். பிழை நடந்தது, எப்படித் திருத்தப் போகிறோம், நாளைக்குப் பரிசோதகரிடமும் இதையே சொல்லப் போகிறேன் என்று. மேனேஜர் காப்பியை உறிஞ்சிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். யாருடைய யோசனை?

சயாமா சிரிக்காமல் சொன்னார். "பத்தாம் வகுப்பு படிக்காதவங்களோடது."

வேலை ஆரம்பித்தது. அறுபது லேபிளைப் பிரிக்க வேண்டும், ஆர்டரோடு உபரியாக வந்திருந்த புது லேபிள் அறுபதை மாற்றித் தைக்க வேண்டும். லேபிள் உள்மூலையில் நாலே தையல்தான், மடிப்புக்குள் இருப்பதால் ஓட்டையும் தெரியாது. மதியத்துக்குள் முப்பது ட்ரிப்யூன்களும் பிரீட்டர் ஆனார்கள். படை இல்லை, ஓட்டு இல்லை, சுண்ணாம்பு இல்லை. ரோம் சரித்திரத்தில் யாருக்கும் இவ்வளவு வேகமாகப் பதவி உயர்வு கிடைத்திருக்காது. "வாழ்த்துகள் பிரீட்டர்!" என்று ஒவ்வொன்றையும் தட்டித் தட்டி அடுக்கினார்கள்.

தீதா மட்டும் புதிய ட்ரிப்யூன்களை அடுக்கும்போது ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். வெறும் வெள்ளை.

"பாவம் மாமா. குடுத்ததத் திரும்பப் புடுங்கிட்டோம்."

"கரை இல்லாமத்தானேம்மா அவரு சொன்னா கான்சலே நின்னாரு."

அவள் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றாள்.

பிரித்தெடுத்த லேபிளைச் சயாமா எண்ணினார். ஐம்பத்தொன்பது. ஒன்று குறைந்தது. குறைந்தது ட்ரிப்யூன் லேபிள். அப்படியென்றால் கரை போட்ட ட்ரிப்யூன் ஒருவர் இன்னும் பிரீட்டர்கள் நடுவில் ஒளிந்திருக்கிறார். முப்பதையும் பிரித்துப் பார்த்தோம். இல்லை. மறுபடி பார்த்தோம். இல்லை. மேசைக்கடியில் முட்டி போட்டுத் தேடினேன். கடைசியில் சயாமா எழுந்து தீதாவிடம் வந்தார், அவள் தலையில் கட்டியிருந்த நீலத் துணியிலிருந்து எதையோ எடுத்தார். அந்தச் சின்ன லேபிள் நூலோடு அங்கே ஒட்டிக்கொண்டு உச்சந்தலையில் உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து அவள் அதோடுதான் லைன் முழுக்க நடந்திருக்கிறாள்.

அன்றைக்கு ஆலையில் எழுந்த சிரிப்பு எங்களை வீட்டுக்கு ஏற்றிப்போக வெளியே நின்ற பெர்ரி பஸ் டிரைவர்வரை கேட்டதாம். சயாமாவும் சிரித்தார். அவர் பல்லை நான் அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் பரிசோதகர் வந்தார். சயாமா சொன்னபடியே நடந்ததைச் சொன்னார். அவர் எண்களைச் சரிபார்த்தார், அளந்தார், ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். ட்ரிப்யூன் பெட்டியைத் திறந்து ஒரு துணியை எடுத்து ஓரத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மடித்து வைத்தார். எல்லாப் பெட்டியிலும் முத்திரை விழுந்தது.

மாதக் கடைசியில் மேனேஜர் சுவரில் இருந்த காகிதத்தைக் கிழிக்கவில்லை. 'பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும்' என்பதற்குக் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்தார்: 'அல்லது தரப் பிரிவுத் தலைவி எழுதிக் கொடுக்க வேண்டும்.' சயாமா அன்றே எழுதிக் கொடுத்தார். தீதா சிவப்புத் துணி கட்டினாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. வள்ளி, உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ ஆங்கிலப் பாடம் படிக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து உனக்குத் துணையாக இருப்பதுபோல நடிப்பேனே? அது துணை இல்லை. நானும் படித்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெறுகிற நாளில் மாலை போட்டார்கள், மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் போட்டார்கள். சயாமா அதற்கு முன்பே ஓய்வு பெற்றுப் போயிருந்தார். தீதா ஒரு பழைய ஸ்பெக் தாளோடு வந்தாள். எந்தத் தாள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"ஒரு தடவை வாசிங்க மாமா."

"நான் என்ன பிழை பண்ணினேன்?"

"எங்கள விட்டுட்டுப் போறீங்கல்ல?"

வாசித்தேன். விரல் வைக்காமல், நிற்காமல், கடைசி வரிவரை வாசித்தேன். முன் வரிசைக்காரிகள் 'கரை: கிடையாது' என்ற இடத்தை என்னோடு சேர்ந்து சத்தமாகச் சொன்னார்கள்.

பிறகு தீதா தலையிலிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்து உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். மடிப்புக்குள் நாலே தையலில் அந்தச் சின்ன ட்ரிப்யூன் லேபிள் இருந்தது.

"சயாமா அன்னைக்கே எங்கிட்ட குடுத்துட்டாங்க மாமா. இன்னைக்குவரை யாருக்கும் காட்டினதில்ல" என்றாள். துணியைத் திரும்பக் கட்டிக்கொண்டு, ஐந்தாவது இயந்திரம் பின்தங்குகிறது என்று சொல்லிக்கொண்டே லைனுக்குப் போனாள்.